மைவியில் 44 குதிரை கூடுமா? போல்ட்-ஆன் பார்ட்ஸ், ரீமேப் பற்றி ஒரு நீண்ட பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 2019 பெரோடுவா மைவி கார், 1.5 ஆட்டோ. கடைக்காரர் எழுதிக் கொடுத்த கணக்கு இது: ஓப்பன் பாட் ஃபில்டருக்கு 8 ஹெச்பி, எக்ஸ்ட்ராக்டருக்கு (இஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள்) 12, எக்சோஸுக்கு 6, பெரிய த்ராட்டில் பாடிக்கு (பெடலை மிதித்தால் திறந்து காற்றை விடும் வாய்) 5, பிளக்கும் காயிலும் மாற்றினால் 3, கடைசியில் ரீமேப்புக்கு, அதாவது இஞ்சின் கம்ப்யூட்டரில் இருப்பதை மாற்றி எழுதுவதற்கு, 10. மொத்தம் 44. விலை 6,500 வெள்ளி. "அண்ணே, இது உண்மையா, போட்டால் அவ்வளவு ஏறுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறாது. 5 முதல் 8 வரை ஏறினால் அதுவே நல்ல வேலை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், தே தாரிக் ஒன்று போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்த 44-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் இஞ்சின் 2என்ஆர்-விஇ, 1,496 சிசி, 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 102 ஹெச்பி, 4,200-இல் 137 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. இதோடு 44 கூட்டினால் 146. புரோட்டோன் பிரீவேயில் வந்த 1.6 டர்போ கேம்ப்ரோ இஞ்சினே 138 ஹெச்பிதான், அதுவும் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவோடு. அப்படியென்றால் ஒரு ஃபில்டரும் நாலு குழாயும் போட்டு, டர்போ இல்லாத 1.5 இஞ்சின் ஒரு டர்போ இஞ்சினைத் தாண்டிவிடுமாம். இதைக் கேட்டவுடனேயே சந்தேகம் வர வேண்டும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கால்குலேட்டரை எடுங்கள். குதிரைத் திறன் என்பது தனியாக ஒரு பொருள் இல்லை, டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி வருவது, அவ்வளவுதான். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 146 ஹெச்பி என்றால் கிட்டத்தட்ட 109 கிலோவாட். அதே 6,000 ஆர்பிஎம்மில் அது வர வேண்டுமானால் இஞ்சின் 173 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டும், அதாவது லிட்டருக்கு 116. ஹோண்டா எஸ்2000 தெரியும் இல்லையா, 8,300 ஆர்பிஎம் வரை போய் 250 பிஎஸ் (ஏறத்தாழ ஹெச்பி மாதிரியே ஓர் அளவு) கொடுத்த இஞ்சின், டர்போ இல்லாத இஞ்சின்களில் இன்றைக்கும் பெயர் சொல்லும் இஞ்சின். அதன் உச்ச டார்க் 218, இரண்டு லிட்டருக்கு. லிட்டருக்கு 109 ஆகிறது. உங்கள் கடைக்காரர் மைவியை எஸ்2000-க்கு மேலே கொண்டுபோய் உட்கார வைக்கிறார், அதுவும் கேம்ஷாஃப்டையோ பிஸ்டனையோ தொடாமல், வெளியே போல்ட் போட்டு மாட்டும் சாமானை வைத்தே.

அப்புறம், ஒவ்வொரு பார்ட்டின் பெட்டியிலும் எழுதியிருக்கும் எண்ணைக் கூட்டவே கூடாது. இஞ்சினை ஒரு தண்ணீர்க் குழாய் மாதிரி நினையுங்கள். நாலு இடத்தில் குறுகலாக இருக்கிறது. மிகக் குறுகலான இடத்தை அகலப்படுத்தினால் தண்ணீர் கூடும், ஏற்கெனவே அகலமாக இருக்கிற இடத்தை இன்னும் அகலமாக்கினால் ஒன்றும் ஆகாது. ஆக, பார்ட்ஸ் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் இஞ்சினில் எங்கே அடைப்பு? இதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன், அந்தக் கதை பிறகு.

காற்று உள்ளே வரும் பக்கத்தில் எவ்வளவு அடைப்பு என்று நீங்களே அளக்கலாம், கடையே வேண்டாம். ஓபிடி போர்ட்டில் செருகும் புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்குங்கள், சில பத்து வெள்ளிதான். போனில் ஆப் போட்டு, காரில் மேப் சென்சார் எண் வருகிறதா என்று பாருங்கள், அதாவது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் காற்றழுத்தம். இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் வெளிக்காற்றின் அழுத்தம் தெரியும், கோலாலம்பூரில் 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்டும். பிறகு காலியான நெடுஞ்சாலையில், பக்கத்தில் ஒரு நண்பர் போனைப் பார்த்துக்கொள்ள, இரண்டாம் கியரில் பெடலை முழுதாக மிதித்து 6,000 ஆர்பிஎம் தொடும்வரை விடுங்கள், 110-ஐத் தாண்டாமல். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு மைவியில் அப்படிப் பார்த்தபோது 97 காட்டியது, ஃபில்டர் சுத்தமாக இருந்த வண்டி.

இதன் அர்த்தம் என்ன? வெளியே 100, உள்ளே 97. ஃபில்டர், ஃபில்டர் பெட்டி, குழாய், த்ராட்டில் பாடி எல்லாம் சேர்ந்தே மூன்று கிலோபாஸ்கல்தான் தின்கின்றன, ஏறத்தாழ மூன்று சதவீதம். இவை அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு இஞ்சின் நேராக வானத்திலிருந்து காற்றை இழுத்தாலும் 102 ஹெச்பியில் மூன்றுதான் கூடும். ஃபில்டருக்கு 8, த்ராட்டில் பாடிக்கு 5, சேர்த்து 13 என்று கடைக்காரர் சொல்கிறார். இல்லாத அடைப்பை எடுத்துவிட்டு எப்படி 13 எடுப்பது? ஒருவேளை உங்கள் காரில் 92, 93 என்று வந்தால் அது வேறு கதை, அப்போது முதலில் அந்தப் பழைய ஃபில்டரை மாற்றுங்கள், முப்பது நாற்பது வெள்ளியில் வேலை முடிந்தது.

ஓப்பன் பாட் பற்றி இன்னொன்று. பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் ஃபில்டர் ரேடியேட்டர் பக்கத்துச் சூடான காற்றைத்தான் இழுக்கும். ஒரு நாள் மதியம் எம்ஆர்ஆர்2 சாலையில் ஜாம், ஓப்பன் பாட் போட்ட ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகும் காற்றின் வெப்பம் 62 டிகிரி. அடுத்த வாரம் அவரே ஒரிஜினல் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்தார், அதே நேரம், அதே ஜாம், 44 டிகிரி. காற்று சூடானால் அதன் அடர்த்தி குறையும், இந்த 18 டிகிரிக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. வண்டி ஓடத் தொடங்கினால் வெப்பம் இறங்கும், அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கோலாலம்பூரில் நாம் ஓடுகிற நேரம் எவ்வளவு, நிற்கிற நேரம் எவ்வளவு? அந்த "ஸ்ஸ்ஸ்" சத்தம் நன்றாக இருக்கும், அதற்காக வாங்கினால் வாங்குங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஹெச்பிக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, எக்சோஸ் பக்கம் வருவோம். இங்கேதான் உண்மையில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் வேலை செய்வது வெறும் அகலத்தால் இல்லை. ஒரு சிலிண்டரிலிருந்து புகை வெளியே பாயும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் அலை வரும், அந்த அலை சரியான நேரத்தில் அடுத்த சிலிண்டரின் வால்வுக்கு வந்து சேர்ந்தால் அங்கே மிச்சமிருக்கும் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரம் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது, எல்லா ஆர்பிஎம்மிலும் சரியாக வராது. நாலு குழாயும் ஒரேயடியாக ஒன்றில் சேரும் 4-1 வகை மேல் ஆர்பிஎம்முக்கு நல்லது, இரண்டு இரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் 4-2-1 நடு ஆர்பிஎம்முக்கு. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2008 வாக்கில் என்னிடம் செகண்ட் ஹேண்ட் புரோட்டோன் வாஜா 1.6 கேம்ப்ரோ இருந்தது, 110 ஹெச்பி. முதல் தலைமுறை கேம்ப்ரோ ஓட்டியவர்களுக்குத் தெரியும், 2,500-இலிருந்து 3,500 ஆர்பிஎம் வரை டார்க்கில் ஒரு பள்ளம், வண்டி மூச்சை அடக்கிக்கொள்வது மாதிரி. நான் என்ன செய்தேன்? நண்பர்கள் பேச்சைக் கேட்டு 4-1 எக்ஸ்ட்ராக்டரும் தடித்த எக்சோஸும் போட்டேன், 3,000 வெள்ளிக்கு மேல் ஆயிற்று, அந்தக் காலச் சம்பளத்துக்கு அது பெரிய காசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்குக் குடும்பத்தோடு போகிறோம், ஏர்கான் ஓடுகிறது, பின்னால் அப்பா, அம்மா, தங்கச்சி. ஜாலான் கூச்சிங்கில் ஒரு ஏற்றம். நான் மிதிக்கிறேன், வண்டி கத்துகிறது. அப்பா பின்னாலிருந்து, "என்னடா, சத்தம் முன்னாடி போயிடுச்சு, வண்டி இங்கேயே நிக்குது" என்றார்.

அப்புறம் வண்டியின் திறனை அளக்கும் மெஷினான டைனோவில் ஏற்றிப் பார்த்தேன். நல்ல வேளையாகச் சாமான் போடுவதற்கு முன்பும் அதே டைனோவில் ஒரு ரன் எடுத்து வைத்திருந்தேன். வீலில் 89 இருந்தது 93 ஆகியிருந்தது, நாலு குதிரை, அதுவும் 6,000-க்குப் பக்கத்தில், நான் வாரத்தில் இரண்டு நிமிடம் போகும் இடத்தில். பள்ளத்தில் ஏழு நியூட்டன் மீட்டர் குறைந்திருந்தது, அங்கேதான் நான் நாள் முழுக்க ஓட்டுகிறேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஹெச்பி ஏறியது உண்மை. எங்கே ஏறியது என்று நான் கேட்காததுதான் என் தவறு. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், உச்ச எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், டைனோ தாளில் 2,000 முதல் 4,000 வரை டார்க் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். உங்களுடையது நாலு கியர் ஆட்டோ வேறு, கியருக்குக் கியர் இடைவெளி பெரியது, மாறும்போதெல்லாம் ஆர்பிஎம் தடாலென்று விழும், நடுவில் டார்க் இல்லாவிட்டால் பாவம் அந்த வண்டி.

பெரிய த்ராட்டில் பாடி போட்டதும் வண்டி பறக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பறப்பது மாதிரித் தெரிவது உண்மைதான், ஏனென்றால் அதே கால் அழுத்தத்துக்கு அதிகக் காற்று உள்ளே போகிறது. முழுதாக மிதித்தால் பழைய வண்டியேதான். பெடலில் மாட்டும் த்ராட்டில் கன்ட்ரோலரும் இதே வித்தைதான், அதில் ஒரு குதிரைகூடக் கிடையாது, காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அதே பலன் இலவசம். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், அதற்குப் போடுங்கள். கிரவுண்டிங் கேபிள், வோல்டேஜ் ஸ்டெபிலைசர், குழாய்க்குள் செருகும் விசிறி, பெட்ரோல் பைப்பில் கட்டும் காந்தம், இதெல்லாம் பசார் மாலாமில் விற்கும் லேகியம். பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ரீமேப்பில்தான் ஆட்களுக்குப் பெரிய குழப்பம், ஏனென்றால் அது ஒரு காரில் அற்புதம் செய்யும், இன்னொரு காரில் ஒன்றுமே செய்யாது. டர்போ காரில் இஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவை மாற்றி எழுதினால் பூஸ்டை ஏற்றலாம், அதாவது இஞ்சினுக்குள் போகும் காற்றையே கூட்டலாம். கோல்ஃப் ஜிடிஐ மார்க் 7-ஐ எடுங்கள், 220 பிஎஸ், ஒரு பார்ட்டும் மாற்றாமல் ஸ்டேஜ் 1 ரீமேப்பிலேயே 290 பக்கம் போகும். இது கதையில்லை, பல டைனோக்களில் பார்த்த விஷயம். உங்கள் மைவியில் பூஸ்ட் கிடையாது. அங்கே ட்யூனரால் தொட முடிவது இக்னிஷன் டைமிங், பெட்ரோல் கலவை, வால்வு டைமிங், ரெவ் லிமிட், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் அதையெல்லாம் ஏற்கெனவே நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், கொஞ்சம் பத்திரமாக எழுதியிருப்பான், அந்தப் பத்திரத்தைச் சுரண்டினால் நாலைந்து சதவீதம் வரும்.

அந்தப் பத்திரம் சும்மா வைத்ததும் இல்லை. நம் ஊர் வெயில், ரோன் 95 பெட்ரோல், மதியம் ஃபெடரல் ஹைவே ஜாம், பின்னால் நாலு பேர், ஏர்கான் முழுசு. டைமிங்கை முன்னால் தள்ளித் தள்ளி எழுதினால் இரவு பத்து மணிக்கு டைனோவில் அழகாக இருக்கும், மறுநாள் மதியம் இஞ்சின் நாக் அடிக்கும், அதாவது உள்ளே பெட்ரோல் நேரம் தப்பி வெடித்துத் தட்டும். நாக் சென்சார் அதைக் கேட்டு டைமிங்கைப் பின்னால் இழுக்கும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் அப்படியே கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும். ரோன் 97-க்கு எழுதிய மேப்பில் ரோன் 95 ஊற்றினாலும் இதே கதைதான். அதனால் ட்யூனரிடம் ஹெச்பி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், நாக் லாக் காட்டுவீர்களா, முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். டர்போ இல்லாத காரில் 12.5-இலிருந்து 13 வரை என்று சொன்னால் ஆளுக்கு விஷயம் தெரியும். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு பாஸ்" என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டர்போ காரிலும் இலவசம் ஒன்றும் இல்லை, கியர்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. வோக்ஸ்வேகனின் ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி, டிகியூ200, 250 நியூட்டன் மீட்டர் தாங்குவதற்கு வடிவமைத்தது. அதோடு வந்த 1.4 இரட்டை சார்ஜர் இஞ்சினே 240 கொடுக்கிறது. அதில் ரீமேப் போட்டு 300-க்கு மேல் கொண்டுபோகிறவர்கள் கிளட்ச் விலையையும் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இப்போது டைனோ. டைனோ பொய் சொல்லாது, டைனோவை ஓட்டுகிறவர் சொல்ல முடியும். வீலில் அளந்த எண்ணையும் இஞ்சினில் இருப்பதாகக் கணக்கிட்ட எண்ணையும் கலப்பதுதான் பழைய தந்திரம். உங்கள் மைவியில் கியர்பாக்ஸ், டிரைவ்ஷாஃப்ட், டயர் எல்லாம் 18 சதவீதம் தின்கிறது என்று வைப்போம், 102-இல் 84 வீலுக்கு வரும். சாமான் போட்டபின் வீலில் 88 வந்தது. இந்த 88-ஐ 0.82-ஆல் வகுத்தால் 107. முன்னால் எடுத்த 84-ஐ ஒரு தாளிலும் பின்னால் வந்த 107-ஐ இன்னொரு தாளிலும் காட்டினால் 23 குதிரை ஏறிவிட்டது! உண்மையில் ஏறியது வீலில் நாலு. இன்னொன்று கரெக்‌ஷன், அதாவது அன்றைய வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஈடு செய்யும் கணக்கு. எஸ்ஏஇ என்று போட்டால் ஒரு எண், எஸ்டிடி என்று போட்டால் அதைவிட நாலு சதவீதம் போல அதிகம். தாளின் மூலையில் சின்னதாக எழுதியிருக்கும், இரண்டு தாளிலும் ஒன்றேதானா என்று பாருங்கள். டயர் காற்று, வண்டியைக் கட்டும் பெல்ட், எந்தக் கியர், இஞ்சின் வெப்பம், இதெல்லாமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஹெச்பி வித்தியாசம் ஒரே வண்டியை அடுத்தடுத்து ஏற்றினாலே வரும், அதை லாபம் என்று எண்ணாதீர்கள்.

நாலைந்து குதிரை எவ்வளவு சின்னது என்று உணர கெந்திங் ஏறிப் பாருங்கள். உச்சி சுமார் 1,800 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் 80 சதவீதம்தான். மேலே குளிர் இருப்பதால் கொஞ்சம் ஈடாகும், ஆனாலும் டர்போ இல்லாத கார் ஆறில் ஒரு பங்கைத் தோராயமாக இழக்கும், உங்கள் மைவி மேலே போய்ச் சேரும்போது 85 ஹெச்பி காராக இருக்கும். இந்த 6,500 வெள்ளிச் சாமானில் வருவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மலை தின்றுவிடுகிறது. டர்போ கார்கள் அந்த ஏற்றத்தில் நம்மை அலட்சியமாகத் தாண்டிப் போவதற்கும் இதுதான் காரணம், அவை குறைந்த அழுத்தத்தை அமுக்கிச் சரிக்கட்டிக்கொள்கின்றன.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், புகை விதி ஒரு பக்கம், 1987-இலிருந்தே இருக்கும் வாகன இரைச்சல் விதிகள் இன்னொரு பக்கம், ரோட் பிளாக்கில் நின்று சமன் (அபராதச் சீட்டு) வாங்குவது நீங்கள்தான், கடைக்காரர் இல்லை. இன்ஷூரன்ஸுக்கும் சொல்லி வையுங்கள், சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் நேரத்தில் இழுத்தடிக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

பழைய 1.3 மைவியில் டைஹாட்சு ஒய்ஆர்வி டர்போவின் கே3-விஇடி இஞ்சினை ஹாஃப் கட் (பாதியாக வெட்டி விற்கும் பழைய கார்) வாங்கிப் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். ஆமாம், அது உண்மையான ஹெச்பி, 87 பிஎஸ் இருந்த இடத்தில் 140 பிஎஸ். ஆனால் அது போல்ட்-ஆன் இல்லை, இஞ்சின் மாற்றம், புஸ்பாகோம் பரிசோதனை, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் இஞ்சின் நம்பர் பதிவு, பிரேக், கூலிங் எல்லாம் சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை. 2019 வண்டியை, அதுவும் லோன் முடியாத வண்டியை, அப்படி வெட்டாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் வண்டியின் பின் டிக்கியைத் திறப்பேன். போட்டோவில் பார்த்தேன், சப்வூஃபர் பெட்டி, கோல்ஃப் பை, இரண்டு பெட்டி மினரல் வாட்டர், நாற்பது கிலோவாவது இருக்கும். ஆயிரம் கிலோ வண்டியில் நாற்பது கிலோ என்றால் நாலு சதவீதம், வேகமெடுப்பதில் அது நாலு ஹெச்பிக்குச் சமம், இறக்கி வைக்கக் காசு கிடையாது. பிறகு பிளக், ஃபில்டர், த்ராட்டில் பாடி சுத்தம், கியர் ஆயில், இஞ்சின் மவுண்டிங். உங்கள் போர்மனிடம் (மெக்கானிக்) ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டர்கள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கின்றனவா என்ற சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். ஓடி ஓடித் தொலைத்த குதிரைகளைத் திரும்பக் கட்டுவது புதிதாக வாங்குவதைவிட மலிவு. அப்புறம் நல்ல டயர் நாலு, நல்ல பிரேக் பேட், காசு மிஞ்சினால் அப்சார்பர். காராக் ஹைவே வளைவில் வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

அதற்குப் பிறகும் சத்தம் வேண்டும், ஆசை தீரவில்லை என்றால் 4-2-1 எக்ஸ்ட்ராக்டரும் அளவான எக்சோஸும் மட்டும் போடுங்கள், கேட்டலிஸ்ட்டோடு. கடைக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "ஒரே டைனோவில், ஒரே நாளில், போடுவதற்கு முன் மூன்று ரன், போட்ட பின் மூன்று ரன், வீல் எண், எஸ்ஏஇ கரெக்‌ஷன். 44 வரவில்லை என்றால் பாதிக் காசு திரும்ப." அவர் சரி என்று சொல்லிவிட்டால் எந்த நாள் என்று எனக்கும் சொல்லுங்கள் தம்பி, நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.